சிதம்பரநாதனின் பழத்தட்டு

உறையூரில் தேன்மொழி என்று ஒரு பாட்டு டீச்சர் இருந்தார். அவரிடம் சிதம்பரநாதன் என்று ஒரு சீடர் இருந்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது, குரு நாற்பதைத் தொடவில்லை. குரு சீடரை 'சார்' என்பார். சீடர் 'டீச்சர்' என்று சொல்லும்போதே பாதி எழுந்து நிற்பார்.

சிதம்பரநாதன் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மரியாதை தெரிந்த மனிதர். அவருக்கு இருந்த கோளாறே அதுதான் என்றால் என்னை அடிக்க வருவீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

ஒரு சனிக்கிழமை காலை வகுப்புக்கு வந்தவர், பாட்டு நோட்டைப் பையிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"எந்த ராகத்துல?"

"ராகத்துல இல்ல டீச்சர். என்கிட்டதான்."

தேன்மொழி ஃபேனைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். போன ஆடியில் காவிரியில் வெள்ளம் இரண்டு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. சிதம்பரநாதன் ஸ்கூட்டரில் பாலத்தின் பாதி வரைக்கும் போனார். திடீரென்று நெஞ்சை யாரோ பிடித்து அமுக்கியது மாதிரி இருந்தது. கை சில்லிட்டது. செத்தோம் என்று நினைத்து வண்டியைப் போட்டுவிட்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்து பார்த்து, இதயம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது, மனசைத்தான் பார்க்க வேண்டும் என்று அனுப்பினார்கள். அன்றையிலிருந்து பாலத்தில் அவரால் கால் வைக்க முடியவில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம். அங்கேதான் அவருடைய ஒரே மகள் நிவேதா இருந்தாள். அவளாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டவள். ஆரம்பத்தில் சிதம்பரநாதனுக்கு முகம் கோணியது உண்மைதான். அதெல்லாம் என்றைக்கோ கரைந்துபோனது. ஆனால் அது மகளுக்கு எப்படித் தெரியும்? குழந்தை பிறந்து இத்தனை மாதத்தில் அப்பா எட்டிப் பார்க்கவில்லை. கேட்டால் காய்ச்சல், முழங்கால் வலி, மழை. நீங்க வர்ற வரைக்கும் நானும் வரமாட்டேன் என்று அவளும் வீம்பாக இருந்துவிட்டாள். தூது போவதற்கு அம்மாவும் உயிரோடு இல்லை.

"முந்தாநாள் போன்ல அழுதுட்டா டீச்சர். 'உங்களுக்கு இன்னும் மனசு ஆறலைல்லப்பா'ன்னு கேக்குறா. பேத்தி பிடிச்சுக்கிட்டு நிக்க ஆரம்பிச்சுட்டாளாம். அதையும் போன்லதான் பாத்தேன்."

"விஷயத்தைச் சொல்ல வேண்டியதுதானே சார்?"

"பாலத்தைக் கண்டா பயமா இருக்குன்னு பெத்த பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது? வாயே வர மாட்டேங்குது."

"மனசுக்கு யாரையும் பாக்கலையா?"

"பாத்தேனே. நாலஞ்சு மாசம் போனேன். சின்ன வயசு டாக்டர். தங்கமான பையன்."

"என்ன சொல்லிக் குடுத்தார்?"

"கண்ண மூடிக்கிட்டு கடற்கரையில நிக்கிற மாதிரி நினைக்கச் சொன்னார். அலை வருது, போகுதுன்னு."

"நினைச்சீங்களா?"

"தண்ணிய நினைச்சாலே எனக்கு வேர்த்துக் கொட்டுது டீச்சர்."

"அதை அவர்கிட்ட சொன்னீங்களா?"

"அவ்வளவு ஆசையா சொல்லிக் குடுக்குறார். எப்படிச் சொல்றது? 'எப்படி இருக்கு சார்'னு கேட்டார். 'ரொம்ப அமைதியா இருக்கு டாக்டர்'னேன்."

இப்படியே வாராவாரம் அமைதி கூடிக்கொண்டே போயிருக்கிறது. கடைசியில் அந்தப் பிள்ளை மனம் குளிர்ந்து, உங்களுக்குச் சரியாகிவிட்டது சார், இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சிதம்பரநாதன் விடுவாரா? ஆப்பிள், சாத்துக்குடி, வெற்றிலை பாக்கோடு ஒரு தட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மகள் வீட்டுக்குப் போகலாம் என்று புறப்பட்டவர், பாலம் கண்ணில் பட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார்.

"இந்த வைத்தியம் எனக்கு எடுபடாது டீச்சர். விட்டுடலாம்னு இருக்கேன். ஆத்துக்கு இந்தப் பக்கமே இருந்துட்டுப் போறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

"சொல்றேன். முதல்ல பாடுங்க."

தேன்மொழி சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் இழுத்துவைத்துத் திருகினார். ஒவ்வொரு தொண்டைக்கும் ஒரு சுருதி உண்டு. அதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆண் குரல் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் நிற்கும். டீச்சர் வைத்தது ஐந்து கட்டை. அது பெண்கள் பாடுவது.

சிதம்பரநாதன் பெட்டியைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்து பாடினார். நடுவிலேயே கழுத்து நரம்பு புடைத்தது. மேல் ஸ்தாயிக்குப் போனபோது குரல் கிழிந்து, கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. தெருவில் போன கீரைக்காரம்மா ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

"எப்படி இருக்கு சார்?"

"நல்லா இருக்கு டீச்சர்."

"இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமா?"

"உங்க இஷ்டம் டீச்சர்."

தேன்மொழி சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்து முடியாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிதம்பரநாதனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மெல்ல இரண்டு காதும் சிவந்தன.

டீச்சர் பெட்டியை வழக்கமான இடத்துக்கு, இரண்டு கட்டைக்கு இறக்கினார். சேர்ந்த நாளிலிருந்து சிதம்பரநாதன் பாடுவது அதில்தான்.

"இது எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு டீச்சர்."

அதே குரல், அதே பணிவு. இந்தத் தடவை டீச்சர் சிரிக்கவில்லை.

டாக்டரிடம் 'அமைதியா இருக்கு' என்று சொன்னதும் இதே குரலில்தான் என்பது சிதம்பரநாதனுக்கு உறைத்தது. "அப்ப வேற ஆளைப் பாக்கச் சொல்றீங்களா? ஒருத்தர்கிட்ட கத்துக்கிட்டு, தட்டும் வெச்சுட்டு, இன்னொருத்தர்கிட்ட போறது துரோகம் இல்லையா?"

"நான் முதல்ல தஞ்சாவூர்ல ஒரு பெரிய வித்வான்கிட்ட படிச்சேன் சார். அவர் புருவம் ஏறினா நிறுத்துவேன், இறங்கினா பாடுவேன். மூணாவது வருஷம் ஒரு நாள் கூப்பிட்டு, 'நாளையிலேர்ந்து மேலவீதியில பாட்டு சொல்லிக் குடுக்குற அம்மாகிட்ட போ'ன்னுட்டார். அழுதுட்டேன். 'நான் என்ன தப்பு பண்ணேன் ஐயா'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'என் எதிர்ல நீ தப்பே பண்ண மாட்டேங்கற. அதான்'னார்."

சிதம்பரநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேலவீதி அம்மா எப்படி?"

"வெங்காயம் உரிச்சுக்கிட்டே பாட்டு கேப்பாங்க. முதல் நாளே தாளத்தை விட்டேன். 'விட்டது எங்கன்னு நீயே தேடு'ன்னு சொல்லிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாங்க. அங்கதான் எனக்குப் பாட்டு வந்தது."

"உங்க முதல் குருவுக்குக் கோபம் இல்லையா?"

"என் முதல் கச்சேரிக்கு முன்வரிசையில வந்து உக்காந்திருந்தார்."

"அது சரி. எனக்கான ஆள் இவர்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என்னைக் கேட்டா? தொண்டை உங்களோடது சார்."

சிதம்பரநாதன் தேட ஆரம்பித்தார். நண்பர் ஒருவர், இந்த மாதிரி பயத்துக்கெல்லாம் கைதேர்ந்த மனிதர் என்று ஒருவரை வானளாவப் புகழ்ந்தார். விலாசம் கேட்டால் ஸ்ரீரங்கம். பாலத்தைத் தாண்ட முடிந்தால் அவர் எதற்கு? இன்னொருவர் இந்தக் கரையில்தான் இருந்தார். கெட்டிக்காரர், ஆனால் பேசியதில் முக்கால்வாசி ஆங்கிலம். சிதம்பரநாதன் வழக்கம்போல் தலையாட்டிவிட்டு வந்தார். வெளியே பழக்கடையில் கை தானாகப் பைக்குள் போனது. யோசித்தார். எதுவும் வாங்காமல் பஸ் ஏறினார். என்னைக் கேட்டால் அதுவே பெரிய முன்னேற்றம்.

மூன்றாவதாகப் பார்த்தது தென்னூரில் ஒரு தையல் கடை மாடியில் இருந்த ரெஹானா மேடத்தை. போகும் முன்பே போன் செய்து, இந்த மாதிரிப் பயத்துக்குப் பார்ப்பீர்களா, தமிழில் பேசலாமா என்று கேட்டுக்கொண்டார். பார்ப்பேன், பேசலாம் என்றார் அவர்.

"என்ன வேணும்னு வந்திருக்கீங்க?" என்று ரெஹானா மேடம் கேட்டார்.

"பேத்தியைத் தூக்கணும்."

"குறுக்க என்ன இருக்கு?"

"பாலம்."

"சரி, பாலத்தைப் பத்திச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு மேடம் பேசாமல் இருந்தார். கீழே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சிதம்பரநாதன் அன்றைக்கு வெகுநேரம் பேசினார். பேசி முடித்தபோது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

சில வாரங்கள் போயின. ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு வந்தவர் கையில் ஒரு பெரிய பை. உள்ளே தட்டு, மாதுளை, ஆப்பிள், ஒரு சீப்பு வாழைப்பழம். முகத்தில் சந்தோஷமும் இருந்தது, எதையோ உடைத்துவிட்டு வந்த பிள்ளையின் திருட்டு முழியும் இருந்தது.

"என்ன சார், விசேஷமா?"

"பாதிப் பாலம் போயிட்டேன் டீச்சர்."

தேன்மொழி கையிலிருந்த நோட்டைக் கீழே வைத்தார்.

"போன வாரம் மேடம், 'துணைக்கு ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு பஸ்ல ஏறி அந்தப் பக்கம் போய்ப் பாருங்க'ன்னாங்க. நான் சரிங்கன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என்ன ஆச்சுன்னே தெரியல, 'அது எனக்கு ஒத்து வராது மேடம்'னுட்டேன்."

"அப்புறம்?"

"'பஸ்ஸை நான் நிறுத்த முடியாது. நடந்தா நானே நிக்கலாம், நானே திரும்பலாம்'னு வேற சொல்லிட்டேன். அவங்க கோவிச்சுக்கல. நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டு, 'அப்படியா, சரி, முதல்ல எதுவரைக்கும் நடப்பீங்க'ன்னு கேட்டாங்க."

அன்று சாயங்காலமே மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "அட அப்பா, இதுக்கா?" என்று கேட்டுவிட்டு நிவேதா அழுதாள். பிறகு சிரித்தாள். பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

"நேத்துக் காலையில நான் இந்தப் பக்கத்துலேர்ந்து நடந்தேன். கைப்பிடிச் சுவரை விடல. வேர்த்து சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. ரெண்டு இடத்துல நின்னேன். அந்தப் பக்கத்துலேர்ந்து அவ குழந்தையைத் தூக்கிக்கிட்டு வந்தா. நடுவுல பாத்துக்கிட்டோம். பேத்தி என் கண்ணாடியைப் பிடுங்கிக்கிட்டா டீச்சர். திருப்பிக் குடுக்கவே மாட்டேன்னுட்டா."

தேன்மொழிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"மீதிப் பாதி?"

"பாக்கலாம். அவசரம் இல்லன்னு மேடம் சொல்லியிருக்காங்க."

"அப்ப இந்தப் பை என்ன சார்?"

சிதம்பரநாதன் முகம் சுருங்கியது. "மேடத்துக்குத்தான். மனசு உறுத்துது டீச்சர். படிச்சவங்க ஒண்ணு சொல்றாங்க, நான் மூஞ்சிக்கு நேரா ஒத்து வராதுன்னுட்டேன். நான் இப்படியெல்லாம் பேசினவனே இல்ல. இந்தத் தட்டை வெச்சு ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுட்டா மனசு ஆறும். கேக்கலாம்ல?"

தேன்மொழி பையைப் பார்த்தார். சுருதிப் பெட்டியைப் போட்டார். வழக்கமான இரண்டு கட்டை.

சிதம்பரநாதன் பாட ஆரம்பித்தார். கீழே நன்றாகத்தான் போனது. மேல் ஸ்தாயி வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. டீச்சர் கை காட்டாமலே பாட்டு நின்றது. அவர் பாட்டை அவராக நிறுத்துவது அதுதான் முதல் தடவை.

"டீச்சர்."

"சொல்லுங்க சார்."

"இது எனக்கு ஏத்தமா இருக்கு." பெட்டியைக் காட்டினார். "இன்னைக்கு மட்டும் இல்ல. எப்பவுமே ஏத்தமாதான் இருந்தது. அரைக் கட்டை இறக்கணும்."

தேன்மொழி இறக்கினார். சிதம்பரநாதன் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தொடங்கினார். குரல் மேலே போய் நின்றது. பிசிறு இல்லை, நடுக்கம் இல்லை. வேண்டிய மட்டும் நின்றுவிட்டு, இறங்கி வந்தது. அவர் கண்ணைத் திறந்தபோது டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிந்தது. சிதம்பரநாதன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

"தட்டு விஷயம் நீங்க ஒண்ணும் சொல்லலையே டீச்சர். மேடத்துக்குக் குடுத்துடட்டுமா?"

"'ஒத்து வராது'ன்னீங்களே, அவங்களுக்குத் தட்டு அதுதான். போன வாரமே குடுத்துட்டீங்க சார். எனக்கு இப்பக் குடுத்தீங்க. அந்தப் பழம் பேத்திக்கு."