குளம்பில் வளர்ந்த உயரம்

வெகு காலத்துக்கு முன்னே மருதவள நாட்டைச் சித்திரமாறன் என்றொரு அரசன் ஆண்டான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. ஒருநாள் திடீரென்று, "என் லாயத்தில் உயரமான குதிரைகள்தான் நிற்கவேண்டும். குட்டையை எல்லாம் சந்தைக்கு ஓட்டுங்கள்!" என்று உத்தரவு போட்டுவிட்டான்.

லாயத்து அதிகாரி திம்மராயருக்குக் கொண்டாட்டம். அளவுகோலும் கையுமாகத் தரையிலிருந்து முதுகுவரை அளந்தார். உயரமானவை என்று சொல்லி அரசனுக்கு அவர் வாங்கிக் கொடுத்திருந்த புதுக் குதிரைகள் எல்லாம் தேறிவிட்டன. அரசனின் பழைய பெண்குதிரை செவலை மட்டும் இரண்டு விரல் குறைந்தது.

மந்திரி அம்பலவாணருக்கு இது பொறுக்கவில்லை. முன்பு ஆற்று வெள்ளம் அரசனையும் அவரையும் அடித்துக்கொண்டு போனபோது, இருவரும் செவலையின் வாலைப் பிடித்துத்தான் கரையேறினார்கள். "உயிர் கொடுத்தவளை விற்றுவிட்டு நான் எப்படிச் சோறு தின்பேன்?" என்று புலம்பிக்கொண்டே லாயத்துக்கு ஓடினார்.

அங்கே புதுக் குதிரைகள் சுடுமணலில் நடப்பதுபோல நொண்டின. குனிந்து பார்த்தார். குளம்புகளைச் சீவாமல் மாதக்கணக்கில் வளரவிட்டிருந்தார்கள். அடடே, உயரம் வந்த வழி இதுதானா! நேரே சொன்னால் திம்மராயர், "மந்திரிக்குப் பொறாமை" என்று ஒரே வார்த்தையில் மூடிவிடுவார். அது அம்பலவாணருக்குத் தெரியாதா என்ன?

சபை கூடியதும் மந்திரி எழுந்தார். "அரசே, குதிரைக்கு ஒரு நீதி, எங்களுக்கு ஒரு நீதியா? எங்களில் உயரமானவரே இனி தங்கள் வலப்பக்கம் நிற்கட்டும். நாளைக்கே அளந்துவிடுவோம். மிதியடியைக் கழற்றவேண்டாம்."

"பலே! அப்படியே ஆகட்டும்!" என்றான் அரசன்.

மறுநாள் திம்மராயர் சாண் உயர மரமிதியடியில் வந்தார். அளந்தால் அவர்தான் முதல்.

"ஓய், ஓடிவந்து என் கையால் தாம்பூலம் வாங்கிக்கொள்ளும்!" என்றான் அரசன்.

ஓடுவதாவது! இரண்டடி வைத்தார், தூணைக் கட்டிக்கொண்டார், தூணும் கைவிட, தொப்பென்று விழுந்தார். சபை சிரிப்பில் குலுங்கியது.

அரசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காலில் கட்டையைக் கட்டிக்கொண்டால் உயரம் வந்துவிடுமா?" என்றான்.

"தங்கள் புதுக் குதிரைகளும் அதையேதான் கேட்கின்றன, மன்னா. வந்து அவற்றின் காலைத் தூக்கிப் பாருங்கள்" என்றார் மந்திரி.

அரசன் லாயத்துக்குப் போய், ஒரு குதிரையின் காலைத் தன் கையாலேயே தூக்கிப் பார்த்தான். குளம்பு வெடித்து, அடியில் அழுகி நாறியது. பாவம், வாயில்லாச் சீவன் நடுங்கியது. அரசனின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. உடனே குளம்புகளைச் சீவி, அழுகலைக் கழுவி மருந்திட்டு, திரும்ப அளக்கச் சொன்னான். எல்லாக் குதிரைகளும் செவலைக்குக் கீழேதான்!

"திம்மராயரே, இவை நொண்டாமல் ஓடும்வரை தினமும் இவற்றின் காலைக் கழுவுவது உம் வேலை. மந்திரியாரே, உமக்கு என்ன வேண்டும்?"

"செவலை இங்கேயே இருக்கட்டும், மன்னா. வேறொன்றும் வேண்டாம்."

அரசன் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "தாயே, நீ கரையில் இழுத்துப் போட்ட உயிரை வைத்துக்கொண்டு உன்னையே அளந்தேனே!" என்று கலங்கி, தன் பூமாலையைக் கழற்றி அதற்குச் சூட்டினான். செவலை கழுத்தை வளைத்து அந்த மாலையைத் தின்ன ஆரம்பித்தது. மந்திரி பதறிக் கையை நீட்டினார்.

"விடும், மந்திரியாரே! யாரங்கே, இன்னொரு மாலை கொண்டுவாருங்கள். இவளுக்குப் பசிக்கிறது!" என்றான் அரசன்.