ஆடாத ரேக்

"இன்னும் ஆடுதுங்க அம்மணி" என்றார் ஆறுக்குட்டி.

நாகமணி வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவரைப் பார்த்தாள். இந்த மாதத்தில் மட்டும் இது ஏழாவது தடவை.

மேட்டுப்பாளையத்தில் மலை ரோடு தொடங்கும் இடத்தில் இருந்தது அவள் பட்டறை. பாதிப் பேர் உடைந்ததை ஒட்ட வருவார்கள். மீதிப் பேர் மனசில் உள்ளதைக் கொட்டிவிட்டு ஒரு பதில் வாங்கிப் போக வருவார்கள். காவி கிடையாது, உருத்திராட்சம் கிடையாது. வயதும் முப்பத்தாறுதான். புடவைக்கு மேல், பொறி பட்டு ஓட்டை விழுந்த ஒரு ஆம்பளைச் சட்டை. பட்டறைச் சாமியார் என்று ஊர் கிண்டல் செய்யும். கஷ்டம் வந்தால் அதே ஊர் அங்கேதான் போய் நிற்கும்.

ஆறுக்குட்டிக்கு ஐம்பத்தெட்டு. டூர் கம்பெனி ஒன்றில் ஜீப் டிரைவர். மலையில் சைக்கிள் மிதிக்க ஆசைப்பட்டு வருகிறவர்களையும் அவர்கள் சைக்கிள்களையும் ஏற்றி இறக்குவது வேலை. ஜீப்புக்குப் பின்னால், பம்பருக்கு அடியில் ஒரு சதுரக் குழாய். அதற்குள் சைக்கிள் மாட்டும் ரேக்கின் தண்டைச் செருகி, குறுக்கே ஒரு பின் போட்டு, ஆட்டம் இல்லாமல் இருக்க ஒரு போல்ட்டை இறுக்க வேண்டும். நாலு சைக்கிள் தொங்கும்.

ஐந்து மாதத்துக்கு முன்னால், மலை இறக்கத்தில், அந்த ரேக் கழன்று ரோட்டில் விழுந்தது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த கிருபாகரன் அதில் மோதிச் செத்துப்போனான். காரமடைப் பையன். இருபத்து மூன்று வயது.

பையன் வேகமாக வந்தான், ஜீப்பை ஒட்டி வந்தான் என்று கேஸ் முடிந்தது. டிரைவர் மேல் தப்பில்லை. கம்பெனி புது ரேக் வாங்கிக் கொடுத்தது.

அந்தப் புது ரேக்தான் ஆடுகிறது என்கிறார் ஆறுக்குட்டி.

நாகமணி எழுந்து போய் ரேக்கை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். ஜீப் ஆடியது.

"ஜீப்புதான் ஆடுது. ரேக்கு கல்லாட்டம் நிக்குது."

"நீங்க பாக்கறப்ப நிக்குதுங்க. நான் ஓட்டறப்ப ஆடுது."

"எறங்கிப் பாத்தீங்களா?"

"ஒவ்வொரு வளைவுக்கும் எறங்கறனுங்க. எறங்கி ஒரு இறுக்கு இறுக்கிட்டுத்தான் வண்டி எடுக்கறேன். உள்ள உக்காந்திருக்கறவங்க திட்டறாங்க."

அவள் ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இறுக்குங்க."

அவர் இறுக்கினார்.

"போதுங்களா?"

"உங்களுக்குப் போதும்னு தோணறப்ப நிறுத்துங்க."

அவருக்குத் தோணவே இல்லை. காலை பம்பரில் ஊன்றிக்கொண்டு முழு பலத்தையும் கொடுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

டப்பென்று ஒரு சத்தம். ஸ்பேனரோடு பின்னால் போய் விழுந்தார்.

போல்ட் இரண்டாக முறிந்திருந்தது.

நாகமணி போல்ட்டின் தலைப் பகுதியைப் பொறுக்கி அவர் கண்ணுக்கு நேரே நீட்டினாள். முறிந்த இடத்தில் ஒரு ஓரம் மட்டும் பளபளத்தது. மீதி முழுக்கக் கறுத்துத் துரு ஏறிக் கிடந்தது.

"பளபளன்னு இருக்கறது இப்ப ஒடஞ்சது. கறுப்பு பழைய வெடிப்பு. நீங்க வளைவுக்கு வளைவு இறுக்குனதுல வந்தது."

ஆறுக்குட்டி இன்று காலையில் இதே போல்ட்டோடுதான் மலை இறங்கியிருந்தார். பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்தது. புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒரு கைக்குழந்தை.

அவர் எழுந்திருக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்திருந்தார். அவளும் எதிரே ஒரு டயர் மேல் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு எத்தனை தடவை எறங்கிப் பாத்தீங்க?"

அவர் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அண்ணா."

"ஒரு தடவைகூட இல்லீங்க."

"சத்தம் கேக்கலியா?"

இந்தக் கேள்வியை ஐந்து மாதமாக யாரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று அவர் தினமும் யோசித்து வைத்திருந்த பொய் இப்போது வாயில் வரவில்லை.

"கேட்டுச்சுங்க. மேல இருந்தே லொட லொடன்னு கேட்டுச்சு. பின்னைப் புடிச்சிருக்கற கிளிப்பு காணாமப் போயி ஒரு வாரம் ஆச்சு. கட்டுக்கம்பியில சுத்தி விட்டிருந்தேன். வண்டியில வந்தவங்க ரயிலுக்கு நேரமாச்சுன்னு பறந்தாங்க. கீழ போயிப் பாத்துக்கலாம்னு..."

"பாத்துக்கலாம்னு?"

"பாட்டைச் சத்தமா வெச்சுட்டனுங்க."

ரோட்டில் ஒரு பஸ் முக்கி முனகி ஏறிப் போனது.

"பையனோட அம்மாவைப் பாத்தீங்களா?"

"காரமடைக்குக் காரியத்துக்குப் போயி வாசல்லயே நின்னுட்டு வந்துட்டனுங்க."

"என்ன சொன்னாங்க?"

"எங்கிட்ட ஒண்ணுமில்லீங்க. வர்றவங்க எல்லார்கிட்டயும் ஒரே பேச்சுத்தான். நாந்தான் போன் போட்டு, சோறு ஆறுது, வெரசா வாடா சாமின்னேன், அதான் எம் பையன் வேகமா வந்து மோதிட்டான்னு. இன்னும் அதேதானாமா. படுக்கறதே இல்லையாம். விடிய விடிய உக்காந்துட்டு, நான் கூப்பிடாம இருந்திருக்கலாம், நான் கூப்பிடாம இருந்திருக்கலாம்னு சொல்லிட்டே இருக்குதாம்."

"அவன் வேகமா வந்தானா?"

ஆறுக்குட்டி உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தார். கிரீஸ் கன்னத்தில் அப்பிக்கொண்டது.

"இல்லீங்க. கண்ணாடியில பாத்துட்டுத்தான் வந்தேன். நல்லாத் தள்ளி, மெதுவாத்தான் வந்துட்டு இருந்தான். ஏதோ பாட்டுப் பாடிட்டு வந்தாப்பல தலை அசைஞ்சுது."

நாகமணி எழுந்தாள். பின்னை உருவி, ரேக்கை ஜீப்பிலிருந்து இழுத்துக் கழற்றி, பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்தாள். ஜீப் சாவியை அவர் கையில் வைத்தாள்.

"வேற போல்ட்டு போடலீங்களா?"

"காரமடைக்கு எதுக்குங்ணா ரேக்கு?"

அவர் சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"கேஸை மறுபடி எடுப்பாங்க அம்மணி. இந்த வயசுல ஜெயிலுங்க."

"ஆமாங்ணா."

ஆறுக்குட்டி ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, சாவியைப் போட்டு, திருப்பாமல் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லிட்டா எனக்குத் தூக்கம் வருங்களா?"

"உங்களுக்கு வராதுங்ணா. அந்தம்மாவுக்கு வரும்."