இருவாச்சி மிச்சம் பிடித்த கதை

ஒரு காட்டில் ஒரு கடை இருந்தது. கடைக்காரர் நரியார். காட்டில் கடை எதற்கு என்று கேட்காதீர்கள், பிள்ளைகளே. அங்கிருந்த பிராணிகளும் முதலில் அப்படித்தான் கேட்டன. நரியார் 'தள்ளுபடி' என்று பலகை வைத்த பிறகு யாரும் கேட்கவில்லை.

ஆடி வந்தால் ஆடித் தள்ளுபடி. ஆடி போனால், போய்விட்டதே என்று ஒரு தள்ளுபடி. மழை பெய்தால் மழைத் தள்ளுபடி, பெய்யாவிட்டால் வெயில் தள்ளுபடி. நரியார் ஒரு நாளும் எதையும் முழு விலைக்கு விற்றதில்லை. ஆனாலும் அவருடைய தொந்தி மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று.

அந்தக் கடைக்குத் தவறாமல் வருகிறவன் பொன்மூக்கன் என்ற இருவாச்சிப் பறவை. பெரிய மஞ்சள் அலகு, அதற்கு மேல் இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு கொண்டை. உழைப்பில் அவனைக் குறை சொல்ல முடியாது. விடிந்ததும் பறந்து போய், அத்தி மரங்களில் முப்பது பழம் பறித்துத் தொண்டைக்குள் அடக்கிக்கொண்டு திரும்புவான். திரும்பும் வழியில்தான் கடை இருந்தது.

அவன் மனைவி அல்லி அப்போது மரப்பொந்துக்குள் இருந்தாள். இருவாச்சிகளின் வழக்கம் அது. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பொந்துக்குள் போய், வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைய ஓர் இடுக்கு மட்டும் விட்டுவைக்கும். உள்ளேயே அதன் இறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கும். அதுவரை பறக்க முடியாது. கணவன் கொண்டுவந்து கொடுத்தால்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் சாப்பாடு.

அவர்களுக்கு ஒரு நாளைக்கு இருபது பழம் வேண்டும். பொன்மூக்கன் கொண்டுவருவது சில நாள் பன்னிரண்டு, சில நாள் எட்டு.

"ஏன் இவ்வளவு குறைவு?" என்று அல்லி கேட்பாள்.

"குறைவா? இன்றைக்கு எவ்வளவு மிச்சம் பிடித்திருக்கிறேன் தெரியுமா? பத்துப் பழம் பெறுகிற எருமைக் கொம்பை ஆறுக்கு முடித்துவிட்டேன்."

"நமக்கு எதற்கு எருமைக் கொம்பு?"

"ஒரு கொம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கும் தோன்றியது. அதனால் இரண்டாக வாங்கிவிட்டேன்."

வாங்கியதையெல்லாம் அவன் மரத்தின் மறுபக்கக் கிளைகளில் தொங்கவிட்டிருந்தான். ஆமை ஓடு, பாம்புச் சட்டை, முள்ளம்பன்றி முள்ளில் செய்த சீப்பு, பனையோலைக் குடை. பறவைக்குக் குடை எதற்கு என்று மறுபடியும் கேட்பீர்கள். அது மழைத் தள்ளுபடியில் வந்தது.

தொண்டையில் பழம் தீர்ந்துபோன நாளிலும் நரியார் அவனை வெறுமனே அனுப்பமாட்டார். "பழம் எங்கே ஓடிவிடப் போகிறது? பிறகு பார்த்துக்கொள்ளலாம், எடுத்துக்கொண்டு போங்கள்" என்பார். அந்தப் 'பிறகு' எவ்வளவு என்பதை ஒரு தேக்கிலையில் குறித்து, அடியில் பொன்மூக்கனின் கால்நகத்தைப் பதிக்கச் சொல்வார். என்ன குறித்திருக்கிறது என்று பொன்மூக்கன் ஒரு முறையும் படித்ததில்லை.

ஒரு நாள் மாலை உடும்பு மரமேறி வந்தது. நரியாருக்கு வசூல் வேலை பார்ப்பது அதுதான். பழம் வந்தால் நரியாருக்கு, வராவிட்டால் கிடைக்கிற பொந்து அதற்குக் கூலி. உடும்புப் பிடி என்று சும்மாவா சொல்கிறார்கள்? அது நேரே பொந்து வாசலுக்கு வந்து, மண்சுவரை நகத்தால் தட்டிப் பார்த்தது.

"முந்நூறு பழம் பாக்கி. வைகாசிப் பௌர்ணமிக்குள் கட்ட வேண்டும். ஒரு பழம் குறைந்தாலும் இந்தப் பொந்து எனக்கு. இலையில் நகம் வைத்துக் கொடுத்திருக்கிறீர்கள்" என்றது.

"உள்ளே என் மனைவியும் குஞ்சும் இருக்கிறார்களே" என்றான் பொன்மூக்கன்.

"இருக்கட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை" என்று சொல்லி, உடும்பு நாக்கை ஒரு முறை வெளியே நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டது.

பௌர்ணமிக்கு முப்பத்தொரு நாள் இருந்தது. அல்லி எல்லாவற்றையும் உள்ளேயிருந்து கேட்டாள். கடன் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். இறகில்லாத தன் சிறகுக்கு அடியில் குஞ்சை இழுத்து அணைத்துக்கொண்டாள். கணவன்மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அடைத்த பொந்துக்குள் கத்தினால் குஞ்சுதான் பயப்படும் என்று அடக்கிக்கொண்டாள்.

"இதுவரை நீங்கள் மிச்சம் பிடித்தது மொத்தம் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டாள்.

பொன்மூக்கனுக்கு முகம் மலர்ந்தது. இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று அவன் எத்தனையோ நாளாகக் காத்திருந்தான். "ஒரு நாளைக்கு நாலு, ஐந்து என்று வைத்தாலும் இருநூற்றுப் பத்துக்குக் குறையாது."

"நல்லதாகப் போயிற்று. அதை எடுத்து உடும்பிடம் கொடுத்துவிடுங்கள். அப்புறம் தொண்ணூறுதானே பாக்கி? சமாளித்துவிடலாம்."

"ஆமாம், அதுதானே" என்று பொன்மூக்கன் உற்சாகமாகக் கிளம்பினான். ஆமை ஓட்டைப் புரட்டிப் பார்த்தான். குடையை விரித்துப் பார்த்தான். கொம்புகளுக்குள் அலகை விட்டுத் துழாவினான். இருநூற்றுப் பத்தில் ஒரு பழத்தைக்கூடக் காணோம். கடைக்கே பறந்து போய்விட்டான்.

"நான் மிச்சம் பிடித்தது உங்களிடமா இருக்கிறது?" என்று கேட்டான்.

நரியார் தன் வியாபாரத்தில் முதல் முறையாகத் திகைத்துப் போனார். ஆனால் உடனே சமாளித்துக்கொண்டார். "உங்களிடம்தான் இருக்கும், நன்றாகத் தேடுங்கள். தேடுவதற்கு ஒரு மின்மினி விளக்கு இருக்கிறது. உங்களுக்குப் பாதி விலை."

பொன்மூக்கன் அந்த விளக்கை வாங்காமல் திரும்பினான். அவ்வளவு பதற்றத்தில் இருந்தான்.

"நரியாரிடம் இல்லையாம். நம்மிடம்தான் இருக்கிறதாம்" என்றான்.

"போனது போகட்டும். நாளையிலிருந்து மிச்சம் பிடிப்பதை அன்றன்றைக்கே இந்த இடுக்கு வழியாக என்னிடம் கொடுத்துவிடுங்கள். நான் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்" என்றாள் அல்லி.

மறுநாள் அவன் கழுத்தில் நத்தை ஓட்டு மாலையோடு வந்தான். வீட்டுக்கு வேண்டிய இருபது பழத்தைக் கொடுத்துவிட்டு, தனியாக நாலு பழத்தையும் பெருமையோடு நீட்டினான்.

"மாலை பத்துப் பழம். ஆறுக்கு வாங்கினேன். இதோ நாலு மிச்சம்."

"நாலும் சரியாக இருக்கிறது" என்றாள் அல்லி. "மாலையை வாங்காமலே வந்திருந்தால் எத்தனை மிச்சம்?"

பொன்மூக்கன் வெகுநேரம் யோசித்தான். இப்படி ஒரு கணக்கு இருப்பதாக நரியார் அவனுக்குச் சொன்னதே இல்லை.

"பத்து" என்றான் கடைசியில். "முழுசாகப் பத்து."

"நாலு பெரிதா, பத்து பெரிதா?"

அவனுக்குச் சுரீர் என்றது. இத்தனை நாளும் ஒவ்வொரு சாமானிலும் இப்படி ஆறு ஆறு பழமாகக் கோட்டைவிட்டிருக்கிறோமே என்று மனசு ஆறவில்லை. அவன் திருந்திவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். மிச்சம் பிடிக்கும் ஆசைதான் இன்னும் கூடியது.

அடுத்த நாள் கடையில் ஒரு மூங்கில் ஊஞ்சலைக் காட்டி, "என்ன விலை?" என்றான்.

"பத்து. உங்களுக்கு ஆறு."

"ஆறெல்லாம் வேண்டாம். பத்து என்றே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வாங்காமல் பறந்து வந்து அல்லியிடம் பத்துப் பழத்தைக் கொடுத்தான். நரியார் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

மாலையில் உடும்பு மரத்தடிக்கு வந்தது. அல்லி இடுக்கு வழியாகப் பத்துப் பழத்தையும் ஒவ்வொன்றாக அதன் தலையில் போட்டாள். எண்ணிக்கை சரியாக இருந்ததால் உடும்பால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து தினமும் இதே கதைதான்.

சொல்வதற்குத்தான் இது சுலபம். கடையைத் தாண்டும்போது பொன்மூக்கனின் சிறகுகள் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பும். அலகு ஊறும். எதிர்க்கிளையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களும் உண்டு. அந்த நாட்களில் அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

பௌர்ணமி நாள் வந்தது. இருநூற்றுத் தொண்ணூறு பழம் கட்டியாகிவிட்டது. பாக்கி பத்து. முதல் நாள் கொடுத்த அந்த நாலு பழமும் குஞ்சின் வயிற்றுக்குப் போயிருந்தன. அன்றைக்குப் பார்த்து அத்தி மரங்களில் பழம் அற்றுப்போயிருந்தது. நாளெல்லாம் அலைந்தும் பொன்மூக்கனுக்குக் கிடைத்தது பத்தே பழம். இது நரியாருக்கும் தெரிந்துவிட்டது. அவர் கடை வாசலில் மயில் தோகை விசிறி ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"நூறு பழம் பெறும் விசிறி. நீங்கள் பழைய வாடிக்கை. உங்களுக்கு மட்டும் ஒரே ஒரு பழம்" என்றார்.

பொன்மூக்கன் நின்றுவிட்டான். வெயிலில் தோகை பச்சையும் நீலமுமாக மின்னியது. அவன் உடம்பில் இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. ஒரு பழம் குறைந்தால் போதும், பொந்து உடும்புக்குப் போய்விடும். கதை சொல்கிற எனக்கே பயமாகிவிட்டது.

"ஒரே ஒரு பழமா?" என்றான்.

"ஒன்றே ஒன்று" என்றார் நரியார்.

"போங்கள் ஐயா. நூறு என்று சொல்லியிருந்தாலாவது, வாங்காமல் போனால் நூறு பழம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டிருப்பேன். ஒரு பழ மிச்சத்துக்கெல்லாம் நான் மெனக்கெடுவதில்லை" என்று சொல்லிவிட்டுப் பறந்து போனான்.

அன்று மாலை பத்தாவது பழமும் உடும்பின் தலையில் விழுந்தது. உடும்பு இரண்டு முறை எண்ணிப் பார்த்தது. பிறகு தேக்கிலையைக் கிழித்துப் போட்டுவிட்டு, வாலை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை அல்லி மண்சுவரைக் கொத்தி உடைத்தாள். புதுச் சிறகோடு வெளியே வந்தாள். பின்னாலேயே குஞ்சும் தத்தித் தத்தி வந்தது. மரத்தின் மறுபக்கத்தை அவர்கள் அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தார்கள். இரண்டு எருமைக் கொம்பு, ஆமை ஓடு, பாம்புச் சட்டை, சீப்பு, நத்தை மாலை எல்லாம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"இதெல்லாம் என்ன அம்மா?" என்று கேட்டது குஞ்சு.

"உன் அப்பா மிச்சம் பிடித்தது" என்றாள் அல்லி.

பொன்மூக்கன் பனையோலைக் குடையை எடுத்து விரித்து, அதற்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

நீதி: விலை குறைத்து வாங்கினாலும் அது செலவுதான், வாங்காமல் கையில் நிற்பதே மிச்சம்.