உங்க வீட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்க

ஆண்டவர் அறிவைப் பங்கு வைத்த அன்று கஸ்பார் குடும்பம் கடலுக்குப் போயிருந்தது என்று கரையில் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். அன்றைக்கு அவர்கள் கரையில்தான் இருந்தார்கள், வரிசையிலும் நின்றார்கள். முறை வந்தபோது, "நீங்க முன்னால போங்க" என்று பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் வழிவிட்டார்கள், அவ்வளவுதான். மரியாதை தெரிந்த குடும்பம்.

கஸ்பாரின் வீடு ஒரு பாய்மரப் படகு. பெயர் விண்ணரசி. சுற்றுலா வருகிறவர்களுக்குச் சாப்பாடு, படுக்கையோடு வாடகைக்கு விடுகிற படகு. மதுரையில் இருக்கும் ஒரு முதலாளிக்குச் சொந்தம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், அவர்கள் ஊர் இருக்கிற தீவுக்கு வடக்கே வடகடலில் நிற்கும். வடக்கிலிருந்து வாடைக்காற்று தொடங்குவதற்குள் தீவின் முனையைச் சுற்றித் தென்கடலுக்குப் போய்விட வேண்டும். போகாவிட்டால் வாடை படகைத் தூக்கிப் பாறைமேல் வைத்துவிடும். இரண்டு கடலுக்கும் நடுவில் இருக்கிற நிலம் ஓர் ஆட்டோ சவாரிதான். படகில் சுற்றிக்கொண்டு போனால் பொழுது விடிந்துவிடும்.

படகில் கஸ்பார், மனைவி மோனிக்காள், மகள் ஜெசிந்தா, மோனிக்காளின் தம்பி இஞ்ஞாசி என நாலு பேர். "படகில் ஏறும் முன் செருப்பைக் கழற்றவும்" என்று முதலாளி பலகை மாட்டிய நாள்முதல், பிறந்ததிலிருந்து செருப்பே போடாத இஞ்ஞாசி ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறான். ஏறும் முன் போட்டுக்கொண்டு, கழற்றிவிட்டு ஏறுவான்.

புரட்டாசிக் கடைசியில் முதலாளி போன் செய்தார்.

"சேலத்துலருந்து ரிட்டயர்டு தாசில்தார் குழந்தைவேலுவும் சம்சாரமும் வர்றாங்க. கொஞ்ச நாள் தங்குவாங்க. போன தடவை வந்தவங்க உங்க மேல அவ்வளவு குறை சொன்னாங்க. இவங்களாவது சந்தோஷமாத் திரும்பணும். இது அவங்க சொந்த வீடு மாதிரி இருக்கணும், புரியுதா? இல்லேன்னா படகை வித்துட்டு என் சோலியப் பாத்துக்கிட்டுப் போயிருவேன்!"

மோனிக்காள் கல்யாணமாகி வந்ததும் இந்தப் படகுக்குத்தான். ஜெசிந்தா பிறந்ததும் இதில்தான். தரையில் கொஞ்ச நேரம் நின்றால் அவளுக்குத் தலை சுற்றும். படகு கைமாறினால் போக்கிடம் கிடையாது. அதனால் முதலாளி சொன்னதைச் சொன்னபடி செய்துவிடுவது என்று முடிவு கட்டினாள். குடும்பம் பாய்மரத்தடியில் கூடியது.

"இது அவங்க வீடுன்னா, நாம யாரு?" என்று கேட்டார் கஸ்பார்.



"வேலைக்காரங்களா இருப்போமா அத்தான்?" என்றான் இஞ்ஞாசி.

"அவங்க வீட்டுல வேலைக்காரங்க உண்டுன்னு மொதலாளி சொல்லலையே மாமா," என்றாள் பிளஸ் டூ வரை படித்த ஜெசிந்தா. "சொல்லாததச் செய்யக் கூடாது. அடுத்தவங்க வீட்டுல இருந்தா நாம விருந்தாளிங்கதான்."

"ஆத்தாடி!" என்று பதறினாள் மோனிக்காள். "அப்ப வெறுங்கையோடயா போறது?"

தாசில்தாரையும் மனைவியையும் யாரோ ஒரு வள்ளக்காரர் கொண்டுவந்து படகில் ஏற்றிவிட்டுப் போனார். வரவேற்க ஆளில்லை. இருவரும் உள்ளே உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு, பின்பக்கமாகச் சின்னத் தோணியில் வந்து நாலு பேரும் ஏறினார்கள். கஸ்பார் மடிப்புக் கலையாத வேட்டியில் இருந்தார். மோனிக்காள் பட்டுச்சேலை கட்டி, ஆப்பிளும் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஏந்தி நின்றாள்.

"இந்தப் பக்கமா வந்தோம். அப்படியே பாத்துட்டுப் போகலாம்னு..." என்றார் கஸ்பார்.

கடலுக்குள் எந்தப் பக்கமாக வந்தார்கள் என்று தாசில்தார் கேட்கவில்லை. ஆயுள் முழுக்கத் தாலுகா ஆபீசில் இருந்தவர், யார் எதற்கு வருகிறார்கள் என்று கேட்பதை எப்போதோ விட்டிருந்தார். அவர் மனைவி இந்திராணியோ பழக்கதோஷத்தில், "வாங்க, உக்காருங்க, காபி போடட்டுமா?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டார்.

"அதெல்லாம் வேண்டாங்க, இப்பத்தான் சாப்பிட்டோம்," என்றாள் மோனிக்காள். மறுபடி கேட்டதும் குடித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் கூடுதலாகவே மறுத்துவிட்டு இலையில் உட்கார்ந்தார்கள்.

நாட்கள் இப்படியே போயின. இந்திராணி சமைத்தார். தாசில்தார் பாத்திரம் கழுவினார். விருந்தாளிகள் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்து, குழம்பில் உப்புக் குறைந்தாலும் "ரொம்ப ஜோர்" என்று சொல்லிச் சாப்பிட்டார்கள்.

"ஏங்க, அப்படியே நம்ம வீட்டுல இருக்கிற மாதிரியே இருக்குல்ல?" என்று ஒருநாள் இந்திராணி அடுப்படியில் பல்லைக் கடித்துக்கொண்டு கணவரிடம் சொன்னார். அது மோனிக்காளின் காதில் விழுந்தது. ஓடிப்போய்க் கஸ்பாரிடம் சொல்லி ஆனந்தக் கண்ணீர் விட்டாள்.

ஐப்பசி பிறந்தது. ஒரு காலையில் பாய்மரத்துக் கொடி திசை மாறிப் படபடத்தது. வடகிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வாடை வந்துவிட்டது, படகு இன்னும் வடகடலில் நிற்கிறது.

"இன்னைக்கே கெளம்பணும். தாசில்தார்கிட்ட சொல்லுங்க," என்றாள் மோனிக்காள்.

"என்னன்னு சொல்ல?" என்றார் கஸ்பார். "ஒருத்தர் வீட்டுக்குப் போயி, உக்காந்து நல்லாத் தின்னுட்டு, உங்க வீட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கன்னு சொல்லுவாங்களா? நாளைக்கு நம்மள யாரு மதிப்பா?"

"சொல்லலேன்னா வீடு ஒடஞ்சிருமே அத்தான்?" என்றான் இஞ்ஞாசி.

"அது அவங்க வீடு, மாப்ள. அடுத்தவங்க வீட்டு விவகாரத்துல நாம தலையிடப்படாது."

மோனிக்காள் பொங்கிப் பொங்கி அழுதாள். படகு பாறையில் மோதினாலும் போச்சு, முதலாளி விற்றாலும் போச்சு. மாதாவை வேண்டிக்கொண்டு மூக்கைச் சிந்தியபோது அவளுக்கு ஒரு யோசனை பிறந்தது. அந்தக் குடும்பத்தில் யோசனை பிறந்தால் கரையில் இருப்பவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"இத்தன நாளு அவங்க வீட்டுல சாப்பிட்டிருக்கோம். நம்ம வீட்டுக்கும் ஒருநா வாங்கன்னு கூப்பிடறதுதான முறை?"

"முறைதான். நம்ம வீடு எங்கருக்கு?"

"வாடைக்கு நம்ம வீடு எப்பவும் தென்கடல்லதான!"

கஸ்பார் மனைவியைப் பெருமையோடு பார்த்தார். ஜெசிந்தா மட்டும் யோசித்தாள். "விருந்துக்கு வர்றவங்க வெளியிலருந்து வரணும்மா. உள்ளயே இருந்துக்கிட்டு எப்படி வருவாங்க?"

அதுவும் நியாயம்தான். கஸ்பார் வேட்டியைச் சரிசெய்துகொண்டு போய், "நாளைக்கு மத்தியானம் நம்ம வீட்டுல விருந்து, நீங்க ரெண்டு பேரும் கட்டாயம் வரணும்," என்று அழைத்தார். சமைக்க வேண்டாம் என்ற ஒரே சந்தோஷத்தில் இந்திராணி அப்போதே சேலை மாற்றிக்கொண்டார். மறுநாள் வெளியிலிருந்து வர வசதியாக, இஞ்ஞாசி அன்றைக்கே அவர்களைப் பெட்டியோடு தோணியில் ஏற்றி வடகடல் கரையில் இறக்கிவிட்டான்.

"வீடு எங்கப்பா?" என்றார் தாசில்தார்.

"தெக்க, தென்கடல்லதாங்க. வராம இருந்துறாதீங்க," என்று கும்பிட்டுவிட்டு அவன் திரும்பினான். விண்ணரசி பாய் விரித்து முனைப் பக்கம் மறைந்தது. தாசில்தாரும் மனைவியும் வெகுநேரம் மணலில் நின்றுவிட்டு, பக்கத்து லாட்ஜுக்குப் போனார்கள்.

மறுநாள் தென்கடலில் படகு பத்திரமாக நின்றது. மோனிக்காள் சீலா மீன் குழம்பு வைத்துவிட்டுக் காத்திருந்தாள். மத்தியானம் ஆகியும் விருந்தாளிகளைக் காணோம். முதலாளியின் போன்தான் வந்தது.

"தாசில்தார் போன் போட்டுக் கத்துறாரு. அவர எங்கய்யா எறக்கிவிட்டீங்க?"

"வடகடல் கரையில மொதலாளி."

"இப்பவே போயி ஏத்திக்கிட்டு வாங்க! இல்லேன்னா நாளைக்கே படகு வேற ஆளு கைக்குப் போயிரும்!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

குழம்புச் சட்டியை இறுக்கக் கட்டினார்கள். அடிக்கிற வாடைக்கு எதிராக, திரும்பவும் வடகடலுக்கே போக நங்கூரத்தைத் தூக்கினார்கள்.

படகு நகர்ந்த நேரம் பார்த்துத் தென்கடல் கரையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து தாசில்தார் குதித்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலைக்கு மேல் வீசி வீசிக் கத்தினார். இந்திராணி பெட்டியைப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு தண்ணீரில் இடுப்பளவுக்கு ஓடிவந்தார்.

மோனிக்காள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். அவர்களேதான். நேற்றிலிருந்து நெஞ்சில் கிடந்த பயமெல்லாம் ஒரே மூச்சில் இறங்கியது. இனி யாரும் படகை விற்க மாட்டார்கள்.

"இந்தாருங்க, பாத்தீங்களா! அவங்களக் கூப்பிட வடகடலுக்குப் போறோம்னு கேள்விப்பட்டு, வழியனுப்ப இவ்வளவு தூரம் வந்திருக்காங்க! இந்த மனுசங்களா நம்ம மேல குறை சொல்லுவாங்க?" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிலுக்குக் கையாட்டினாள்.

"ஆட்டுனது போதும் புள்ள, பாய இழுத்துக் கட்டு," என்றார் கஸ்பார். "பாவம், அங்க ரெண்டு பேரும் நமக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்க."