ராஜவீதியில் எல்லாம் பச்சைக் கதவு

மஞ்சணூர் மன்னர் விசயமாறனுக்கு ஒழுங்கு என்றால் உயிர். சாம்பாரில் முருங்கைக்காய்த் துண்டுகள் ஒரே நீளத்தில் மிதக்காவிட்டால் இலையை விட்டே எழுந்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு அம்பலவாணர் மாதிரி ஒரு வீதி அதிகாரி வாய்த்தால் கேட்கவா வேண்டும்? இருவருமாகச் சேர்ந்து ஓர் ஆணை போட்டார்கள்.

"ராஜவீதியைப் பார்த்த வாசலெல்லாம் வெள்ளைச் சுவர், பச்சைக் கதவு. முகப்பில் எதுவும் தொங்கக்கூடாது. வாசலில் எதுவும் நிற்கக்கூடாது. இது இன்னாருடையது என்று காட்டும் அடையாளமே கூடாது. மீறினால் பூட்டு!"

வம்பு அங்கேதான் பிறந்தது. அந்த ஊரில் கடைக்குப் பெயர் எழுதுகிற வழக்கமே கிடையாது. விற்கிற பொருளையே பெரிதாகச் செய்து தொங்கவிடுவார்கள். பூட்டுக்கடை வாசலில் ஆளுயரப் பூட்டு. அஞ்சலை வடைக்கடையில் வண்டிச் சக்கரம் அகலத்துக்கு ஒரு வடைச்சட்டி.

சட்டியை இறக்கிய மூன்றாம் நாள் அஞ்சலை சபை விகடர் சடையாண்டியிடம் வந்து நின்றாள்.

"சாமி, சந்தைக்கு வர்ற சனம் சட்டியைப் பார்த்துத்தான் உள்ளே நுழையும். இப்போ வாசனை வீதி பூரா வருது, எந்தக் கதவுன்னுதான் தெரியலையாம். சுட்டதை நானே தின்னு தீர்க்கிறேன். இன்னும் ஒரு வாரம் இப்படியே போனா கடையை மூட வேண்டியதுதான்."

"வாரமெல்லாம் வேண்டாம் தாயி. நாளைக்கு நிறைய சுட்டு வை" என்றார் சடையாண்டி.

சபைக்குள் நுழைந்ததுமே அம்பலவாணரின் மூக்குக் குரலை அப்படியே எடுத்துவிட்டார்.

"ங்... மன்னா! ஒரு வாசல் ஆணையை மீறுகிறது! கொடி தொங்குகிறது, கல் சிங்கம் நிற்கிறது, காவலர் வேறு நிற்கிறார்கள்!"

"என்ன திமிர்! யார் வாசல்? போடு பூட்டை!"

"நம் அரண்மனை வாசல்தான் மன்னா."

அசல் அம்பலவாணர் இருமினார். மன்னருக்குப் பின்வாங்க மனம் வரவில்லை. "ஆணை என்றால் எனக்கும்தான்!" என்றார். சாயங்காலத்துக்குள் கொடி இறங்கியது. சிங்கங்கள் தோட்டத்துக்குப் போயின, வாசல் காவலர் உள்ளே போனார்கள். அரண்மனைக்கும் பச்சைக் கதவு.

மறுநாள் இளவரசியைப் பெண் கேட்டு அயல்நாட்டுத் தூதர்கள் வரவேண்டும். மன்னர் மிடுக்காக அரியணையில் காத்திருந்தார். கதவு திறந்தது. தலையில் துண்டு கட்டிய ஒரு வண்டிக்காரர் உள்ளே வந்தார்.

"அண்ணே, எட்டு வடை. சட்னி தனியா கட்டுங்க."

"யாரைப் பார்த்து என்ன கேட்கிறாய்!" என்று மன்னர் கர்ஜித்தார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. இல்லேன்னா ஆறு குடுங்க, போதும்."

அவரைக் காவலர் வெளியே தள்ளுவதற்குள் இன்னும் நாலு பேர் வந்துவிட்டார்கள். ஒருத்தர் போன வாரத்து வடையில் எண்ணெய் ஜாஸ்தி என்று மன்னரிடமே குறைப்பட்டுக்கொண்டார்.

"தூதர்கள் எங்கேய்யா? என் மகள் கல்யாணப் பேச்சு!" என்று மன்னர் பதறினார்.

"எல்லையிலேயே என்னிடம் வழி கேட்டார்கள் மன்னா. வெள்ளைச் சுவர், பச்சைக் கதவு என்று சொன்னேனே" என்றார் சடையாண்டி.

"எல்லாமே பச்சைக் கதவுதானேய்யா!"

"ஆணை அப்படி."

கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு மன்னர் வீதியில் ஓடினார். பின்னாலேயே சடையாண்டியும் அம்பலவாணரும். ஒவ்வொரு கதவாகத் தட்டி, கடைசியில் அஞ்சலை கடையில் தூதர்களைப் பிடித்தார்கள். தலைமைத் தூதர் வாய் நிறைய வடையோடு இருந்தார்.

"ஐயா, நான்தான்..." என்று மன்னர் ஆரம்பித்தார்.

"வரிசையில வாங்க பெரியவரே" என்றார் தூதர், திரும்பிக்கூடப் பார்க்காமல். "நாங்களே பதினேழு கதவைத் தட்டிட்டு வந்திருக்கோம். இதுக்கு மேலே அந்த ராஜா கிடைக்கலேன்னா ஊருக்கே கிளம்பிடுவோம்."

மன்னர் சடையாண்டியின் தோளைப் பிடித்து உலுக்கினார். "நான்தான் ராஜா என்று சொல்லுய்யா!"

"சொல்லிடலாம் மன்னா. ஆனால் அதுவும் அடையாளம் காட்டுகிற வேலைதானே? அம்பலவாணரிடம் அனுமதி வாங்கணுமே!"

மன்னர் ஒரு கணம் முறைத்தார். அப்புறம் தொந்தி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டிக்குப் போட்டுவிட்டு, அம்பலவாணர் பக்கம் திரும்பினார்.

"நிற்காதேய்யா, ஏணியை எடு! முதலில் அஞ்சலையின் சட்டியை மாட்டு. கொடி அப்புறம். இல்லையென்றால் நாளைக்கும் நான்தான் வடைக்குப் பதில் சொல்ல வேண்டும்!"