பனி படியாத ஜீப்

முதலில் வம்பு செய்தது பெத்துராஜ்தான். கோத்தகிரியில் பழைய வண்டி விற்கும் அந்த ஆள், எட்டு வருஷத்துக்கு முன்னால் டிரைவர் மாதப்பன் தலையில் ஒரு வேனைக் கட்டினான். குளிரில் அது கிளம்பவில்லை என்றதும், "வண்டி நல்ல வண்டி, உனக்குத்தான் ஓட்டத் தெரியல" என்று சந்தை நடுவே சிரித்தான்.

இந்த மார்கழியில் கேரட் விவசாயி சின்னான் ஒரு ஜீப் வாங்க ஆசைப்பட்டு, துணைக்கு மாதப்பனைக் கூட்டிக்கொண்டு விடிந்ததும் அங்கே போனார்.

"நேத்து சாயந்தரத்திலிருந்து சாவியே போடல, பாருங்க" என்று பெத்துராஜ் சாவியைத் திருகினான். ஜீப் ஒரே தடவையில் உறுமியது. மாதப்பனைப் பார்த்து இளித்தான். "ஓட்டத் தெரியாத டிரைவரே, வண்டியைத் தொடாம ஒரு குறை சொல்லுய்யா பார்ப்போம்!"

மாதப்பன் கையைக் கட்டிக்கொண்டார்.

"எதுக்கு முதலாளி தொடணும்? மத்த ஆறு வண்டி பானெட்டிலும் உறைபனி வெள்ளையா கிடக்குது. இது மட்டும் ஈரமா ஆவி விடுது. ராத்திரி இதுக்கு மட்டும் கம்பளி போர்த்தினீங்களா, இல்ல விடியறதுக்கு முன்னாடியே தள்ளிக் கிளப்பிச் சூடாக்கினீங்களா?"

சின்னான் பணத்தைத் திரும்ப மடியில் செருகினார். பெத்துராஜ் ஜீப்பை அணைத்துவிட்டு நழுவப் பார்த்தான்.

"நழுவாதீங்க முதலாளி. குறை அந்த வேன்லதான்னு அதே சந்தை நடுவே நீங்க சொல்ல வேண்டியது பாக்கி இருக்கு" என்றார் மாதப்பன்.

இன்றைக்கும் அது பாக்கிதான்.