வேதக்கண் செய்த மூன்று தவறுகள்

ஆறுதல்விளைக்கு மேற்கே, மலைக்காற்று எட்டுகிற தூரத்தில் ஒரு ஜெபத்தோட்டம் இருந்தது. அதை நடத்தி வந்தவர் பெயர் சாந்தகுமாரி. வயது ஐம்பத்திரண்டு. பெரியவர், சிறியவர் எல்லாருக்கும் அவர் அக்கா.

அங்கே வந்து தங்கிய சீடர்களில் தேவவரத்துக்கு வயது அறுபத்து நாலு. அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அக்கா அவரை அண்ணாச்சி என்பார். இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தேவவரம் கையில் ஒரு காகிதத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அக்கா, ஒரு மனுஷன் எப்படி வாழ்ந்தான்னு எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?"

"யாரு அந்த மனுஷன்?"

"எங்க பூட்டன். அப்பாவோட தாத்தா. வேதக்கண்னு பேரு."

"அவருக்கு இப்போ என்ன அவசரம்?"

"அவருக்கு ஒண்ணும் இல்லை. எனக்குத்தான். வியாழக்கிழமை கல் கொத்துகிறவர் வாரார்."

ஆறுதல்விளைக் கோயிலுக்கு நூற்றைம்பது வருடம் நிறைந்திருந்தது. வாசலில் ஒரு கருங்கல் வைக்க முடிவு செய்திருந்தார்கள். சபையின் முதல் பன்னிரண்டு குடும்பங்களின் முன்னோர் பெயரும், அவர் செய்த காரியமும் அதில் வரும். பதினொரு குடும்பம் எழுதிக் கொடுத்துவிட்டது.

"எங்க ஞானராஜ் இருக்கான்லா, என் வீட்டுக்காரி தம்பி, அவன்தான் கமிட்டி செயலாளர். அவனோட பூட்டன் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து மாட்டு வண்டியில் கோயில் மணியைக் கொண்டுவந்தவராம். ஏழு வரி எழுதிட்டான். மாட்டோட பேர் வரைக்கும் போட்டிருக்கான்."

"மாட்டுப் பேர் என்ன?"

"அக்கா!"

அக்கா கீரையைப் பார்த்துக்கொண்டார்.

"நேத்து ஆராதனை முடிஞ்சதும் எல்லார் முன்னாலயும் கேட்கான். 'அத்தான், உங்க ஆள் என்னதான் செஞ்சார்? ஒண்ணும் இல்லேன்னா சொல்லிருங்க, அந்த இடத்தில் ஒரு பூ கொத்திரலாம்.' பூவாம்!"

"உங்க பூட்டன் என்ன செஞ்சார்?"

"மணி அடிச்சார்."

"எந்த மணி?"

"அவங்க கொண்டுவந்த மணிதான்." தேவவரத்தின் குரல் தணிந்தது. "நான் முப்பத்தாறு வருஷம் ஆபீஸில் தபால் பிரிவில் இருந்தேன், அக்கா. வந்த கடிதத்தைப் பதிஞ்சேன், போற கடிதத்தை ஒட்டினேன். அதோட வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. எங்க அப்பா பஞ்சாலையில் எடை போட்டார். தாத்தா பள்ளிக்கூடத்தில் பியூன். எங்க வம்சத்தில் ஒருத்தராவது எதையாவது செஞ்சிருக்கணும்லா?"

அக்கா ஒரு காம்பை உருவி முடித்துவிட்டுக் கேட்டார். "பழைய பதிவேடு எல்லாம் பார்த்தீங்களா?"

"போன வாரம் நாலு நாள் மத்தியானம் குருவானவர் வீட்டில் இருந்து பார்த்தேன். தும்மியே மூக்கு போச்சு. எங்க தாத்தாவோட ஞானஸ்நானப் பதிவில் 'தகப்பன் பனையேறி' என்று இருக்கு. கல்யாணப் பதிவில் கையெழுத்துக்குப் பதிலா ஒரு கீறல் போட்டிருக்கார். அப்புறம் சபைக் குறிப்பேட்டில் மூணே மூணு இடத்தில் பேர் வருது."

"படிங்க."

தேவவரம் கண்ணாடியைப் போட்டார்.

"ஆயிரத்து எண்ணூத்து எண்பத்தொண்ணு. 'வேதக்கண் ஞாயிறு காலை மணியை அரைமணி நேரம் பிந்தி அடித்தான். கண்டிக்கப்பட்டான்.'"

"சரி."

"தொண்ணூறு. 'பிரசங்கம் நடக்கையில் முடிவு மணியை அடித்துவிட்டான். கேட்டதற்கு, முடிந்துவிட்டது என்று நினைத்தேன் என்றான். அதற்குள் சபையாரில் பலர் எழுந்துவிட்டார்கள்.'"

"பிரசங்கம் பண்ணினது யாரு?"

"அது எழுதலை. ஆனா எழுதினவர் அவராத்தான் இருக்கணும். பேனாவை அழுத்தின அழுத்தத்தில் தாள் கிழிஞ்சிருக்கு."

"மூணாவது?"

"அது வேண்டாம் அக்கா."

"படிங்க அண்ணாச்சி."

"தொண்ணூத்தேழு. 'வேதக்கண் தன் ஆட்டை மணிக்கயிற்றில் கட்டிப்போட்டுச் சென்றான். ஆடு இழுத்ததால் வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் சபை கூடிவிட்டது. நானும் அங்கியோடு வந்துவிட்டேன்.'"

அக்கா கீரைத்தட்டை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். தட்டு சிறிது நேரம் குலுங்கியது.

"சிரிங்க அக்கா, சிரிங்க. இதைக் கல்லில் போட்டா ஊரே சிரிக்கும். அதனால் நானே ஒண்ணு எழுதி வச்சிருக்கேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்." காகிதத்தைத் திருப்பிப் படித்தார். "'சபையின் தூண். வேதத்தில் வல்லவர். ஏழைகளின் பங்காளர்.'"

"எழுத்தே தெரியாதவர், வேதத்தில் எப்படி வல்லவர் ஆனார்?"

"காதால கேட்டு ஆகியிருக்கலாம்லா."

"ஏழைகளின் பங்காளர்?"

"அவரே ஏழைதானே அக்கா. பங்கு இல்லாமலா போயிரும்?"

அக்கா கீரைத்தட்டைக் கீழே வைத்தார். "அடுக்களை ஆணியில் தொங்குற குறை நோட்டை எடுத்துட்டு வாங்க" என்றார்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் யாரையும் வாயால் திட்டக் கூடாது. மனசில் குறை இருந்தால் நோட்டில் எழுதிவிட வேண்டும். சனிக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து அதை வாசிப்பார்கள், ஜெபிப்பார்கள், அதோடு மறந்துவிடுவார்கள். அக்கா பெயரும் அதில் உண்டு, கஞ்சியை அடிப்பிடிக்க விட்டதற்கு.

தேவவரம் நோட்டைக் கொண்டுவந்தார்.

"நீங்க இங்கே வந்து எட்டு மாசம் ஆகுது. இந்த நோட்டில் உங்க பேர் எங்கெல்லாம் இருக்குன்னு பாருங்க. அதை வச்சு தேவவரம்னு ஒரு மனுஷரோட சரித்திரத்தை எழுதுங்க. நீங்கதான் நல்லா எழுதுவீங்களே."

"நானே எனக்கா?"

"இல்லை. நூறு வருஷம் கழிச்சு இந்த நோட்டு மட்டும் ஒருத்தர் கையில் கிடைக்குது. அவர் எழுதுற மாதிரி எழுதுங்க."

தேவவரத்துக்கு இது பிடித்திருந்தது. மாமரத்தடிக்குப் போய் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். கால்மணி நேரத்தில் திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"படிங்க" என்றார் அக்கா.

"'தேவவரம் என்பவர் ஒரே ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டவர். மௌன ஜெபத்தில் குறட்டை விட்டவர். எழுப்பியபோது, சத்தம் போட்டது யார் என்று கேட்டவர். கேட்டைச் சாத்தாமல் போய், ஏழு வாழைக்கன்றையும் மாடு தின்னக் காரணமானவர். வேறு தகவல் இல்லை.'"

"நல்லா வந்திருக்கு."

"என்னத்தை நல்லா வந்திருக்கு? தினமும் காலையில் எழுந்து நாற்பது குடம் தண்ணி இறைச்சு ஊத்துதேன். மோட்டார் கெட்டுப்போன நாளிலிருந்து நான் ஒருத்தன்தான் இறைக்கேன். இதில் ஒரு குடமாவது வந்திருக்கா?"

"ஏன் வரலை?"

"ஏன்னா? தொட்டியில் தண்ணி இருந்தா எவன் எழுதுவான்? இல்லேன்னால்லா நோட்டைத் தேடி ஓடி வருவாங்க!"

சொல்லிவிட்டு அவரே நின்றுபோனார். கையில் இருந்த இரண்டு காகிதங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

அக்கா கீரைக் காம்புகளைக் கூட்டி அள்ளினார். எழுந்து போகும்போது ஒன்றே ஒன்று கேட்டார்.

"அடக்கப் பதிவேடும் பார்த்தீங்களா, அண்ணாச்சி?"

"இல்லை அக்கா. செத்த பிறகு என்னத்தைச் சாதிச்சிருக்கப் போறார்னு விட்டுட்டேன்."

மறுநாள் தேவவரம் தண்ணீர் இறைத்து முடித்ததும் பஸ் ஏறி ஊருக்குப் போனார். அன்று திரும்பி வரவில்லை. புதன்கிழமை காலையில் வந்தார். பையைக் கூட வைக்காமல் நேரே அக்காவிடம் போனார்.

"கிடைச்சுது" என்றார். படிக்க ஆரம்பித்து, நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார்.

"'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலு, அக்டோபர் பத்தொன்பது. வேதக்கண். வயது ஏறக்குறைய அறுபது. காய்ச்சல். அடக்கத்துக்கு மணி அடிக்கவில்லை. அடிக்கிறவர் இவரே.'"



"மத்த அடக்கத்துக்கெல்லாம்?" என்று அக்கா கேட்டார்.

"புரட்டிப் பார்த்தேன். மணி வந்தது ஆயிரத்து எண்ணூத்து எழுபத்து மூணு அக்டோபர். அதிலிருந்து முப்பத்தொரு வருஷம். மணி அடிக்கவில்லைன்னு வேற ஒரு இடத்திலும் இல்லை. அவர் ஒருத்தருக்குத்தான் இல்லை."

"சரி."

"விஷயம் இதோட முடியலை அக்கா." தேவவரத்தின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். "காலை ஜெபத்துக்கு ஒண்ணு, மாலை ஜெபத்துக்கு ஒண்ணு. முப்பத்தொரு வருஷம். பெருக்கிப் பார்த்தா இருபத்திரண்டாயிரத்து அறுநூத்து முப்பது தடவை! ஞானராஜோட பூட்டன் கொண்டுவந்தது ஒரே ஒரு தடவை."

"லீப் வருஷம் சேர்த்தீங்களா?"

"சேர்க்காம இருப்பேனா? ஏழு நாள், பதினாலு தடவை. ஆயிரத்துத் தொள்ளாயிரம் லீப் வருஷம் கிடையாது அக்கா, நிறையப் பேர் அதில் தப்புப் பண்ணுவாங்க. ஆகமொத்தம் இருபத்திரண்டாயிரத்து அறுநூத்து நாற்பத்து நாலு. அதில் தப்பு மூணு. மூணு கூட இல்லை, ரெண்டுதான். ஆடு அடிச்சது ஆட்டோட கணக்கு."

"இப்போ என்ன செய்யப் போறீங்க?"

"இந்த எண்ணை அப்படியே கல்லில் போடப் போறேன். பெரிய எழுத்தில். ஏழு வரியை விடப் பெருசாத் தெரியணும். அவன் பூவா கொத்துதான், பூ?"

அக்கா அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். கூட்டல், பெருக்கல் எல்லாம் சுத்தமாக இருந்தது. தபால் பிரிவில் முப்பத்தாறு வருடம் இருந்த கை அல்லவா.

"சரியாத்தான் எண்ணியிருக்கீங்க" என்றார். "அவர் எண்ணினாரா?"

 

தேவவரம் காகிதத்தைத் திரும்ப வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டார். அப்புறம் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அன்றைக்கு நாற்பது குடத்துக்கு மேலும் இறைத்திருப்பார் போல. தொட்டி நிரம்பி, கீரைப்பாத்தி வரைக்கும் தண்ணீர் ஓடியது. யாரோ அதைக் குறை நோட்டில் எழுதினார்கள்.

வியாழக்கிழமை காலை ஞானராஜ் போன் பண்ணினான். கல் கொத்துகிறவர் வந்து உளியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாராம். அவன் குரல், தள்ளி நின்று சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்காவுக்கும் கேட்டது.

"அத்தான், சொல்லுங்க. பூவா, எழுத்தா?"

"எழுத்துதான். எழுதிக்கோ. வேதக்கண்."

"வேதக்கண். சரி."

"மணி அடித்தார்."

"மணி அடித்தார். ம். அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? அத்தான், விளையாடாதீங்க. மத்தவங்களுக்கெல்லாம் நாலு வரி, அஞ்சு வரி இருக்கு. எங்க பூட்டனுக்கு ஏழு. உங்களுக்கு மட்டும் ரெண்டே வார்த்தையா? கல்லில் அந்த இடம் வெறுமையா நிக்கும்."

"நிக்கட்டும்."

"நாளைக்கு எனக்குத்தான் கெட்ட பேர். மச்சானாச்சேன்னு பார்க்காம இவனே வெட்டிட்டான்னு சொல்லுவாங்க. கோயிலுக்கு வந்து பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க, அத்தான்?"

தேவவரம் போனைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எந்தச் சத்தம் கேட்டு அவங்க கோயிலுக்கு வருவாங்கன்னு கேளுங்க, அண்ணாச்சி."